பெற்றோரைப் பிறர் கையில் ஒப்படைக்கலாமா?

வணிகத்தில் ஈடுபட்டிருக்கும் நம் சகோதரர்கள் இருவர் கூடினால் பேச்சு சரக்கு விலையில் தொடங்கும். கடை வாடகையில் வளரும். ஆள் கிடைக்காத குறையில் முடியும். ஆனால், கடை அடைக்கும் நேரத்தில், அக்கம் பக்கம் பார்த்துவிட்டு மெதுவான குரலில் கேட்கப்படும் கேள்வி ஒன்றும் இப்பொழுது நம்மிடையே நடமாடத் தொடங்கியிருக்கிறது. "அத்தா படுக்கையில் விழுந்துவிட்டார்; வீட்டில் பார்க்க ஆளில்லை; தாதிமை இல்லத்துக்கு மனுச் செய்யும்படி ஆஸ்பத்திரியில் சொல்கிறார்கள்; என்ன செய்வது?" என்பதே அக்கேள்வி. திருப்ப முடியாத கடனைப் பற்றிப் பேசுபவர் போல் தலையைக் குனிந்துகொண்டு கேட்கிறார்கள். கேட்கப்படுபவரும் ஒரு பெருமூச்சு விட்டு, "அல்லாஹ் லேசாக்கி வைப்பானாக" என்று சொல்லிவிட்டுக் கதவுக்குப் பூட்டுப் போடப் போய்விடுகிறார்.

குனிந்த தலையோடு கேட்கப்படும் கேள்விக்கு நிமிர்ந்த பதில் கிடைப்பதில்லை. ஆகவே, வயது முதிர்ந்த பெற்றோரை ஓர் இல்லத்தில் சேர்ப்பது அவர்களைக் கைவிடுவதாகுமா என்ற இந்தக் கேள்வியை வெளிச்சத்தில் வைத்துப் பேச முன்வருகிறோம். நாம் ஆலிமல்லர், வைத்தியருமல்லர். கடையில் உட்கார்ந்து நாலு பேர் வாழ்வைப் பார்த்தவர் என்ற முறையில் நமக்குத் தோன்றுவதைக் கூறுகிறோம். பிழை காண்போர் திருத்தட்டும்.

இக்கேள்விக்கு இரண்டு சுலபமான பதில்கள் வழக்கத்தில் இருக்கின்றன. "பெற்றவர்களை வெளியே தள்ளுபவன் மனிதனா?" என்பது ஒன்று. "காலம் மாறிவிட்டது, எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்" என்பது மற்றொன்று. முதல் பதிலைச் சொல்பவர் பெரும்பாலும் தம் வீட்டில் படுக்கையாளி இல்லாதவர். இரண்டாவது பதிலைச் சொல்பவர் யோசிக்கும் சிரமத்தைத் தவிர்க்க விரும்புபவர். இரண்டையும் ஒதுக்கிவிட்டு விஷயத்திற்கு வருவோம்.

கடமை எது?

பெற்றோருக்கு நன்மை செய்வது கடமையா என்பதில் நமக்குள் தர்க்கமில்லை. படைத்தவனை வணங்குவதற்கு அடுத்தபடியாகத் திருமறை அதனைத்தான் வைத்திருக்கிறது. அதிலும் அவர்கள் முதுமையை அடைந்த காலத்தைத் தனியே எடுத்துச் சொல்லி, சலிப்பினால் 'சீ' என்ற ஒரு சொல்லும் வாயிலிருந்து வரக்கூடாது என்று தடுத்திருக்கிறது. ஓதப்படிக்கும் சிறுபிள்ளைக்கும் இது தெரியும்.

தர்க்கம் வருவது அடுத்த படியில்தான். அந்தக் கடமை எதன் மேல் நிற்கிறது? தகப்பனாரின் அழுக்குத் துணியை மகன் தன் கையாலேயே மாற்ற வேண்டும் என்பதா? அல்லது, தகப்பனார் அழுக்கில் கிடக்காமல் இருக்க வேண்டும் என்பதா? முதலாவதே கடமை என்றால், இல்லத்தில் சேர்த்தவர் அத்தனை பேரும் கடமை தவறியவர்கள். இரண்டாவதே கடமை என்றால், வீட்டில் வைத்திருக்கும் எல்லோரும் கடமையை நிறைவேற்றியவர்கள் என்று சொல்லிவிட முடியாது. இதற்கு விடை காணுமுன் நம் சொந்தக் கணக்கேட்டைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

பழைய கணக்கு

நாகூரிலிருந்தும், கூத்தாநல்லூரிலிருந்தும், முத்துப்பேட்டையிலிருந்தும், கடையநல்லூரிலிருந்தும் நம் முன்னோர் கப்பலேறி இங்கு வந்தார்கள். பலர் தனியாகவே வந்தார்கள். கடைக்கு மேல் மாடியிலும், ஊர்க்காரர்கள் கூடித் தங்கிய அறைகளிலும் பாய் விரித்துப் படுத்தார்கள். இரண்டு ஆண்டுக்கோ மூன்று ஆண்டுக்கோ ஒருமுறை ஊருக்குப் போய் வந்தார்கள். ஊரில் அவர்களுடைய பெற்றோர் முதுமை அடைந்தார்கள்; நோயில் படுத்தார்கள்; மவுத்தானார்கள். தந்தி வந்து சேர்வதற்குள் அடக்கம் முடிந்துவிட்டதை இங்கிருந்து கேட்டு அழுதவர்கள் எத்தனையோ பேர்.

அந்தப் பெற்றோரைப் பார்த்தது யார்? இங்கிருந்து பணம் அனுப்பிய மகனா? இல்லை. அவனுடைய மனைவியும், தங்கையும், விதவையாகி வீட்டோடு இருந்த பெரியம்மாவுமே பார்த்தார்கள். கஞ்சி ஊட்டியதும், கால் பிடித்ததும், இரவில் கண் விழித்ததும் அவர்கள். ஆயினும் அந்த மகனை யாரும் 'பெற்றோரைக் கைவிட்டவன்' என்று சொன்னதில்லை. 'நல்ல பிள்ளை, மாதம் தவறாமல் பணம் அனுப்புகிறான்' என்றே சொன்னார்கள்.

இதிலிருந்து விளங்குவது என்ன? பெற்றோரைப் பிறர் கையில் ஒப்படைக்கும் வழக்கம் நம்மிடம் இருந்ததே இல்லை என்று நாம் மார் தட்டிக்கொள்வது பொருந்தாது. ஒப்படைத்தோம், நம் வீட்டுப் பெண்கள் கையில் ஒப்படைத்தோம். அந்தக் கைகளுக்குச் சம்பளம் இல்லை, ஓய்வு இல்லை, பெயரும் இல்லை. ஆகவே அவை நம் கண்ணில் படவில்லை.

இன்று அக்கைகள் குறைந்துவிட்டன. மருமகள் காரியாலயத்தில் வேலை செய்கிறாள், அல்லது நம்மோடு கல்லாவில் உட்காருகிறாள். ஏழெட்டுப் பிள்ளைகள் பிறந்த குடும்பத்தில் இப்பொழுது இரண்டு. பிள்ளைகள் குறைய, ஆயுளோ நீண்டிருக்கிறது. 2030 ஆம் ஆண்டில் சிங்கப்பூர்ப் பிரஜைகளில் நால்வரில் ஒருவர் 65 வயதைக் கடந்தவராக இருப்பார் என்பது சர்க்காரின் மதிப்பீடு. ஆகவே, தாதிமை இல்லம் என்ற கேள்வி நம் வாசலுக்கு வந்ததற்குக் காரணம் மனிதர்கள் திடீரென்று கெட்டுப்போனதல்ல. முன்பு கேட்காமல் கிடைத்த ஊழியம் இப்பொழுது கிடைக்கவில்லை என்பதுதான்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மாமனார் மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் நற்குணம் என்றும், கடமையோ பெற்ற பிள்ளைகள் மீதே இருக்கிறது என்றும் ஆலிம்கள் கூறக் கேட்டிருக்கிறோம். கடமையைத் தன் பெயரில் எழுதிக்கொண்டு, வேலையை மனைவியின் தலையில் வைத்துவிட்டு, "எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லத்துக்குப் போனதில்லை" என்று பெருமை பேசுவது நியாயமான வியாபாரமாகாது.

அமானிதம்

நாம் வியாபாரிகள். நமக்குத் தெரிந்த உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். ஒருவர் தம் சரக்கை வேறோர் ஊரில் உள்ள ஏஜெண்டிடம் அனுப்புகிறார். அதனால் அந்தச் சரக்கு அவருடையது இல்லை என்றாகிவிடுமா? ஆகாது. ஆனால், அவர் நல்ல வியாபாரியாக இருந்தால் நான்கு காரியங்களை விடமாட்டார். ஒப்படைக்குமுன் ஆளை விசாரிப்பார். எப்படி வைத்திருக்க வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்வார். அடிக்கடி போய்க் கணக்குப் பார்ப்பார். சரியில்லை என்று கண்டால் திரும்ப எடுத்துக்கொள்வார். இந்த நான்கும் இருந்தால் அது அமானிதம். இவை இல்லாவிட்டால், சரக்கைத் தெருவில் எறிந்ததற்கு ஒப்பாகும்.

சரக்குக்கே இவ்வளவு என்றால் பெற்றவர்களுக்கு எவ்வளவு! சரக்குப் பேசாது; உம்மா பேசுவார். சரக்குக்கு மனம் வாடாது; உம்மாவுக்கு வாடும். ஆகவே மேலே சொன்ன நான்கோடு ஐந்தாவதாக ஒன்றைச் சேர்க்க வேண்டும்: அவரிடமே கேட்க வேண்டும்.

இந்த ஐந்தையும் அளவுகோலாக வைத்துக்கொண்டால் நாம் முதலில் எழுப்பிய கேள்விக்கு விடை கிடைக்கிறது. இவை இருக்குமானால் இல்லத்தில் சேர்த்தவர் கடமையை விட்டவரல்லர்; அதைச் செய்யும் வழியை மாற்றிக்கொண்டவர். இவை இல்லாதிருந்தால் பெற்றோரை வீட்டிலேயே வைத்திருப்பவரும் கைவிட்டவரே. காலை எட்டு மணிக்குக் கடைக்குப் புறப்பட்டு இரவு பத்து மணிக்குத் திரும்பும் ஒருவரை வைத்துக்கொள்வோம். பக்கவாதம் வந்த தாயாரை, பாஷை தெரியாத பணிப்பெண் ஒருத்தியிடம் விட்டிருக்கிறார். அவளுக்கோ இரவிலும் உறக்கமில்லை. படுக்கைப் புண் வந்ததும் அவருக்குத் தெரியாது. இவருடைய தாயார் வீட்டில்தான் இருக்கிறார். ஆனால் யாருடைய பராமரிப்பில் இருக்கிறார்? ஊர் பேசும் என்ற அச்சத்தால் மட்டும் பெற்றோரை வீட்டில் வைத்திருப்பது ஊருக்குச் செய்யும் மரியாதை. பெற்றோருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

மனுச் செய்யும் முறை

சிங்கப்பூரில் இக்காரியம் எப்படி நடைபெறுகிறது என்பதை அறியாமலே பலர் அஞ்சுகிறார்கள். ஆகவே சுருக்கமாகச் சொல்கிறோம்.

சர்க்கார் மானியம் பெறும் தாதிமை இல்லங்களில் ஓர் இடம் வேண்டுமானால், ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பின் வழியாக மனுச் செய்ய வேண்டும். ஆஸ்பத்திரியில் இருப்பவருக்கு அங்குள்ள மருத்துவச் சமூக ஊழியர் மனுவைத் தயாரித்து அனுப்புவார். வீட்டில் இருப்பவருக்கு அவ்வமைப்பினரையோ, பலதுறை மருந்தகத்தையோ, தம் வைத்தியரையோ அணுகி வழி கேட்கலாம். நோயாளியின் நடமாட்டம், உணவு, குளியல், கழிப்பறைத் தேவை, மனநிலை முதலியவற்றை அளந்து நான்கு வகுப்புகளாகப் பிரிக்கிறார்கள். பிறர் துணை பெரிதும் தேவைப்படும் மூன்றாம், நான்காம் வகுப்பினருக்கே தாதிமை இல்லம். தாமே எழுந்து நடமாடக்கூடியவருக்கு அது உரிய இடமன்று. வீட்டில் வைத்துப் பார்க்க வேறு வழி இருக்கிறதா என்றும் கேட்பார்கள். கேட்பது நல்லதே. அக்கேள்வி நம் நிய்யத்தை நமக்கே காட்டும்.

மானியம் எவ்வளவு என்பது குடும்ப வருமானத்தை ஆளுக்கு இவ்வளவு என்று வகுத்துப் பார்த்து முடிவு செய்யப்படும். வருமானம் இல்லாத குடும்பமானால் வீட்டின் ஆண்டு மதிப்பைப் பார்ப்பார்கள். இங்கு வியாபாரிகளாகிய நாம் உஷாராக இருக்க வேண்டும். அதிக மானியம் கிடைக்கும் என்று விலாசத்தை மாற்றி எழுதுவதும், வருமானத்தைக் குறைத்துக் காட்டுவதும் பெற்றோரின் பெயரில் செய்யும் பொய். அந்த மானியம் நம்மிலும் ஏழையான ஒருவரின் தகப்பனாருக்கு உரிய பங்கிலிருந்து வருவது. நல்ல காரியத்திற்கு ஹராமான காசு சேர வேண்டாம்.

2020 அக்டோபரில் தொடங்கிய கேர்ஷீல்டு லைஃப் திட்டத்தையும், அதற்கு முன் 2002 இல் வந்த எல்டர்ஷீல்டு திட்டத்தையும் நம்மில் பலர் காகிதத்தைப் பிரித்தும் பார்க்காமல் மேசைக்குள் போட்டு வைத்திருக்கிறோம். குளித்தல், உடுத்தல், உண்ணல், கழிப்பறை செல்லல், நடமாடல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல் ஆகிய ஆறில் மூன்றைப் பிறர் உதவியின்றிச் செய்ய முடியாத நிலை வந்தால் இத்திட்டங்களில் மாதந்தோறும் பணம் கிடைக்கும். பெற்றோர் எதில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதை இன்றே தேடிப் பாருங்கள்.

எந்த இல்லம் என்பதிலும் விசாரணை வேண்டும். 1932 இல் தோன்றிய ஜாமியா சிங்கப்பூர் போன்ற முஸ்லிம் ஸ்தாபனங்கள் நடத்தும் இல்லங்கள் இருக்கின்றன. ஸ்ரீ நாராயண மிஷன் போன்ற மற்றச் சமூகத்தார் நடத்தும் இல்லங்களும் இருக்கின்றன. எங்கு சேர்த்தாலும் சிலவற்றைக் கேட்க வேண்டும். உணவு ஹலாலா? உம்மாவைக் குளிப்பாட்டுவது பெண்தானா? தொழுகை நேரத்தில் கட்டிலைக் கிப்லாவின் பக்கம் திருப்பி வைக்க முடியுமா? தமிழ் பேசும் தாதி ஒருவராவது உண்டா? கடைசிக் கேள்வியைச் சிறிதென்று எண்ண வேண்டாம். முதுமை மறதி நோய் வந்தவர்களில் பலர் பின்னால் கற்ற மலாயையும் ஆங்கிலத்தையும் இழந்து தாய்ப் பாஷைக்கே திரும்பிவிடுகிறார்கள். ஐம்பது ஆண்டுகள் மலாயில் வியாபாரம் பேசிய பெரியவர் 'தண்ணி' என்று கேட்டுப் புரிந்துகொள்ள ஆளில்லாமல் கிடப்பாரானால், அந்தத் தாகத்திற்கு யார் பதில் சொல்வது?

சில நாள் ஓய்வு

நிரந்தரமாகச் சேர்ப்பது ஒன்றுதான் வழி என்று எண்ணிப் பலர் கலங்குகிறார்கள். அதற்கு முன் பல படிகள் இருக்கின்றன. பகலில் மட்டும் பெரியவரை மூத்தோர் பராமரிப்பு நிலையத்தில் விட்டு மாலையில் அழைத்து வரலாம். தாதியோ பராமரிப்பு ஊழியரோ வீட்டுக்கு வந்து செய்யும் உதவியும் உண்டு. மறதி நோயினால் இரவெல்லாம் உறங்காமல் நடமாடுபவர்களை இரவில் மட்டும் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடும் சில இல்லங்களில் உண்டு. தாதிமை இல்லத்திலேயே குறுகிய காலத்துக்கு, சில நாட்களோ சில வாரங்களோ, தங்க வைக்கும் ஏற்பாடும் இருக்கிறது. இதைத்தான் ஓய்வுப் பராமரிப்பு என்கிறார்கள். ஓய்வு நோயாளிக்கன்று, அவரைப் பார்த்துக்கொள்பவருக்கு.

"அத்தாவை அங்கே விட்டுவிட்டு இவளுக்கு என்ன ஓய்வு வேண்டிக் கிடக்கிறது?" என்று கேட்கும் ஆண்களையும் நாம் கண்டதுண்டு. அவர்களிடம் நாம் கேட்பது இது: கணக்குப்பிள்ளைக்கு வாரம் ஒரு நாள் விடுமுறை தருகிறோம், அவர் களைத்தால் கணக்குத் தவறும் என்று தெரிந்தே தருகிறோம். பணிப்பெண்ணுக்கும் 2023 ஜனவரி முதல் மாதம் ஒரு ஓய்வு நாளையாவது பணமாக மாற்றாமல் கொடுத்தே ஆக வேண்டும் என்பது சட்டம். மூன்று ஆண்டாக இரண்டு மணிக்கொரு தடவை எழுந்து படுக்கையாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும் மனைவிக்கு எந்தச் சட்டம் விடுமுறை தந்தது? நோயாளிக்கும் பிரயாணிக்கும் நோன்பில் சலுகை வைத்த மார்க்கத்தைப் பின்பற்றும் நாம், வீட்டில் உள்ளவளுக்கு மட்டும் சலுகையில்லாத வாழ்வை விதிக்கலாமா? களைத்த வாயிலிருந்துதான் அந்தத் தடுக்கப்பட்ட 'சீ' வெளிவருகிறது. ஆகவே பத்து நாள் ஓய்வு பெரியவரையும் காக்கிறது. ஓய்வுப் பராமரிப்பு கேட்ட மறுநாளே கிடைத்துவிடாது. நோயாளியின் நிலையைப் பரிசோதித்த பின்பே இடம் தருவார்கள். ஆகவே, ஊருக்குக் கலியாணத்துக்குப் போவதானாலும், உம்ராவுக்குப் புறப்படுவதானாலும், டிக்கெட் வாங்குவதற்கு முன்பே விசாரித்து வைப்பது புத்திசாலித்தனம்.

உம்மா மறுத்தால்?

இனிக் கடினமான இடத்திற்கு வருகிறோம். எல்லாம் விசாரித்தோம், நல்ல இடமும் கிடைத்தது; ஆனால் உம்மா அழுகிறார். "என்னை அங்கே விட்டுவிடாதே, வாப்பா" என்று மகனின் கையைப் பிடித்துக்கொள்கிறார். என்ன செய்வது?

இதற்குச் சுலபமான பதில் நம்மிடம் இல்லை. இருப்பதாகச் சொல்பவரை நம்பவும் வேண்டாம். அவருடைய மறுப்புக்கு நிறை உண்டு. தராசில் அதை வைத்தே ஆக வேண்டும். முதலில் மேலே சொன்ன சிறிய படிகளை எல்லாம் முயன்று பார்க்க வேண்டும். அவருடைய 'மாட்டேன்' என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். சில வேளை அது 'என்னை மறந்துவிடாதே' என்பதாக இருக்கும். சில வேளை அறிமுகமில்லாத ஆண் தொடுவானோ என்ற கூச்சமாக இருக்கும். கேட்டால் தீரக்கூடிய அச்சங்கள் சில உண்டு.

அதற்கு மேலும் அவர் மறுத்து, குழாய் வழியாக உணவு செலுத்த வேண்டியதும், இரவு பகலாகத் தாதியின் கண்காணிப்பு வேண்டியதுமான நிலையை உடல் அடைந்துவிட்டால், முடிவு நம் தலையில் விழுகிறது. அப்பொழுது அவர் சொல்லுக்கு மாறாகச் செய்ய நேரிடலாம். செய்தால், "அவர் நன்மைக்குத்தான் செய்தோம்" என்று சொல்லிக்கொண்டு நிம்மதியாகப் போய்விட நமக்கு உரிமையில்லை. அவருடைய வருத்தத்தைச் சுமந்துகொண்டு, அதற்கு ஈடாக அடிக்கடி போய் அவர் முன் உட்கார வேண்டும். அந்தச் சுமை இறங்காமல் இருப்பதே நாம் அவரைக் கைவிடவில்லை என்பதற்கு ஓர் அடையாளம்.

இந்தத் துன்பத்தைக் குறைக்க ஒரு வழி உண்டு. அவர்கள் நல்ல நிலையில் இருக்கும்பொழுதே பேசுவது. "அத்தா, நாளைக்கு உங்களுக்கு முடியாமல் போனால் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று விரும்புகிறீர்கள்?" என்று கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணுகிறோம். வசிய்யத்து எழுதி வைக்கச் சொல்லும் மார்க்கத்தில் அது எப்படிக் குறைவாகும்? 2010 முதல் நடைமுறைக்கு வந்த மனநலன் பற்றிய சட்டத்தின்படி, சுயபுத்தி தவறும் காலத்தில் தமக்காக முடிவெடுக்க நம்பிக்கையான ஒருவரை இப்பொழுதே நியமித்து அதிகாரப் பத்திரம் எழுதி வைக்கலாம். லாஸ்டிங் பவர் ஆஃப் அட்டர்னி என்று அதற்குப் பெயர். புத்தி தெளிவாக இருக்கும்பொழுது மட்டுமே அதை எழுத முடியும். நினைவு தவறிய பின் தேடினால் பயனில்லை.

உடன்பிறந்தாருக்கு ஒரு வார்த்தை

இல்லத்துக் கட்டணத்தைக் காட்டிலும் குடும்பத்தை உடைப்பது பங்குச் சண்டைதான். மூத்தவர் பார்க்கட்டும் என்று இளையவரும், கடை வாங்கிக்கொண்டவன் பார்க்கட்டும் என்று மூத்தவரும் ஒதுங்கினால், நடுவில் கிடப்பவர் யார்? 1995 இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தம்மைத் தாமே காப்பாற்றிக்கொள்ள இயலாத, 60 வயதைக் கடந்த பெற்றோர், பிள்ளைகளிடம் ஜீவனாம்சம் கோரி நடுவர் மன்றத்தை நாடலாம் என்கிறது அச்சட்டம். சட்டம் பணத்தைத்தான் வாங்கித் தரும்; தலையணைக்குப் பக்கத்தில் ஓர் ஆளை உட்கார வைக்காது. ஆகவே நடுவர் மன்றம் வரை போகாமல், உடன்பிறந்தார் ஒன்றாக உட்கார்ந்து மூன்று பங்கு பிரித்துக்கொள்ளட்டும்: யார் பணம் தருவது, யார் இல்லத்தாரோடும் வைத்தியரோடும் பேசுவது, யார் எந்த நாளில் போய்ப் பார்ப்பது. பணத்தை மட்டும் தந்துவிட்டு மற்ற இரண்டையும் மறப்பவர் பங்கு செலுத்தியவராகமாட்டார்.

நம் சங்கத்தார் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. இல்லங்களில் இருக்கும் நம் பெரியவர்களின் பெயர்களை, அவர்கள் குடும்பத்தாரின் சம்மதத்தோடு, ஒரு குறிப்பேட்டில் எழுதி, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்தபின் முறை வைத்து இருவர் இருவராகப் போய்வரலாம். கொண்டு போகப் பெரிய பொருள் ஏதும் வேண்டாம். தமிழில் அரை மணி நேரப் பேச்சும், அக்காலத்து மார்க்கெட் ஸ்திரீட் கதையும், ஒரு துஆவும் போதும். பிள்ளைகள் இல்லாதவர்களும், பிள்ளைகள் வராதவர்களும் அங்கே இருக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

சகோதரர்களே! பெற்றோரை எந்தக் கூரையின் கீழ் வைத்தீர்கள் என்று ஊரார் கேட்பார்கள். எப்படி வைத்தீர்கள் என்று கேட்பவன் ஒருவன் இருக்கிறான். முதல் கேள்விக்கு அஞ்சி இரண்டாம் கேள்வியை மறந்துவிடாதிருப்போமாக. நம் பெற்றோரின் முதுமையை இலகுவாக்கி, அவர்களைப் பார்த்துக்கொள்ளும் கைகளுக்கு வலிமையும், நமக்குச் சலிப்பில்லாத நாவும் தந்தருள்வானாக! ஆமீன்.